மே வட்டத்தில் டெனிஸ் சொன்ன தடை

டெனிஸ் ஹோல்ராய்டை ஆல்டர்ஷா ஊரில் இரண்டு விதமாகத் தெரியும். மலைமேல் குடியிருக்கிறவர்களுக்கு அவள் பேருந்து ஓட்டுகிறவள். கல்சுவர்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறுகிற பாதையில் எதிரே டிராக்டர் வந்துவிட்டால், முகம் சுளிக்காமல் பின்னால் எடுத்து வழிவிடுவாள். பழைய தெய்வங்களைக் கும்பிடுகிற நாற்பது பேருக்கோ அவள்தான் மாதச் செய்தி.

பேகன்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிற அந்த நாற்பது பேருக்காக மாதம் ஒரு தாள் எழுதி அனுப்புவாள். பௌர்ணமி எந்தக் கிழமை, 'மூன்று கிடாய்' பப்பின் மாடி அறையில் இந்தச் செவ்வாய் யார் பேசப்போகிறார், யாருக்குக் குழந்தை பிறந்தது, யாருடைய நாய் செத்தது, மலை ஊற்றில் சேர்ந்த குப்பையை அள்ள யார் யார் வருகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். ஆனால் ஒரு மாதம்கூட நின்றதில்லை. அவள் கணவன் ரே, கார் கொட்டகையில் ஸ்பேனரும் கையுமாக விழுந்து செத்துப்போனானே, அந்த மாதமும் தாள் வந்தது.

ரேயைக் காட்டில், ஒரு பழைய மரத்தடியில் புதைத்தார்கள். பாதிரியார் வரத் தயாராகத்தான் இருந்தார். ரே உயிரோடு இருந்திருந்தால் வேண்டாம் என்றிருப்பான். அன்றைக்கு மழையில் நனைந்தபடி குழிமேட்டில் நின்று பேசியவர் கிளைவ் பாராக்ளஃப். பழைய சாமான்களை ஏலம் விடுவது அவர் தொழில், அதனால் குரல் நன்றாக எடுக்கும். வட்டம் என்று அந்த நாற்பது பேரும் சொல்கிற கூட்டத்தை நடத்துகிறவரும் அவரே. அன்று அவர் சொன்ன நாலு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் டெனிஸ் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டினாள். அதனால் கிளைவ் என்றால் அவளுக்கு ஒரு படி மேல்தான்.

வசந்தத்தை வரவேற்க ஒரு பெண்ணுக்குக் கிரீடம் சூட்டி ராணியாக நிறுத்துகிற மே மாதச் சடங்கு நெருங்கிக்கொண்டிருந்தது. ஏப்ரல் கூட்டம் முடிந்து அவள் கீழே இறங்கி வந்தபோது, அவளுடைய காருக்குப் பக்கத்தில் கெய்லி நின்றுகொண்டிருந்தாள். குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிற பெண். போன இலையுதிர் காலத்தில்தான் வட்டத்தில் சேர்ந்தாள். அன்றைக்குக் கூட்டத்துக்கு அவள் வரவில்லை.

"டெனிஸ், என் பேர எடுத்துருங்க. இனிமே எனக்குப் பேப்பர் அனுப்ப வேணாம்."

"ஏன் கண்ணு, ஊர் மாத்திப் போறியா?"

"இல்ல."

"நான் எழுதுற தமாஷு பிடிக்கலியா?"

கெய்லி சிரிக்கவில்லை. சட்டைக் கையின் ஓரத்தை இழுத்து இழுத்து விரல்களை உள்ளே மறைத்துக்கொண்டிருந்தாள்.

"வண்டில ஏறு. குளுருது," என்றாள் டெனிஸ்.

காருக்குள் இருவரும் முன்பக்கக் கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கெய்லி பேச ஆரம்பித்தாள்.

"மே ராணியா இந்தத் தடவ நான்தான்னாரு கிளைவ். அன்னிக்குக் கிரீடம் வைக்கிற வரைக்கும் யாருக்கும் சொல்லக் கூடாதுன்னாரு. ராணியா நிக்கறவ முன்னாடியே தயாராகணுமாம், அவர் வீட்டுல, தனியா. போனேன். துணியெல்லாம் கழட்டணும்னாரு, அது சடங்குன்னாரு. எனக்கு என்ன தெரியும் டெனிஸ், நான் புதுசு. அப்புறம் கைய வெச்சாரு. வேணாம்னேன். கேக்கல. மறுபடி வேணாம்னு கத்தினேன். அப்பதான் விட்டாரு."

வாகனம் ஒன்று வெளிச்சத்தோடு கடந்து போனது.

"அப்புறம் எனக்கு டீ போட்டுக் குடுத்தாரு," என்றாள் கெய்லி. "ஒண்ணும் நடக்காத மாதிரி. சக்கரை எத்தனன்னு கேட்டாரு."

'கிளைவா?' என்கிற வார்த்தை டெனிஸின் நாக்கு நுனிவரை வந்தது. வந்ததை விழுங்கினாள். 

"சேர்ந்தப்போ சத்தியம் பண்ணேன்ல," என்றாள் கெய்லி. "வட்டத்துல நடக்கறத வெளிய சொல்ல மாட்டேன்னு. சொன்னா அது என்னையே திருப்பி அடிக்கும்னாரு."

"அந்தச் சத்தியத்த எழுதுனதே நான்தான் கண்ணு. இன்னார் நம்ம கூட்டத்துக்கு வர்றாங்கன்னு வெளிய பரவி யாருக்கும் வேல போயிடக் கூடாதுன்னு எழுதுனது. இதுக்கு இல்ல. இதுக்கு அது செல்லாது."

"நிஜமாவா?"

"நிஜமா. போலீசுக்குப் போலாம், நான் கூட வர்றேன்."

"வேணாம். எங்க அம்மாவுக்குத் தெரியக் கூடாது. யாருக்கும் தெரியக் கூடாது. என்ன நடந்துச்சுன்னும் சொல்லாதீங்க. அதச் சொன்னாலே நான்தான்னு கண்டுபிடிச்சுருவாங்க. சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க."

டெனிஸ் வாக்குக் கொடுத்தாள். கெய்லியை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பும்போதுதான், இப்படிப் பேரை எடுக்கச் சொன்னவள் இவள் மட்டும் இல்லையே என்று அவளுக்கு உறைத்தது. மறுநாள் அப்படிப் போன ஒருத்திக்குப் போன் செய்தாள். அவள் இப்போது பக்கத்து ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறாள். நலம் விசாரித்துவிட்டு, ஏன் வட்டத்தை விட்டுப் போனாய் என்று கேட்டாள். அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த கத்திரிச் சத்தம் நின்றது. பிறகு, "கடைல ஆள் காத்துட்டிருக்கு," என்று போனை வைத்துவிட்டாள்.

அதற்குமேல் டெனிஸுக்கு அத்தாட்சி தேவைப்படவில்லை. ஆனால் ஊர் கேட்குமே. ஊருக்கு என்ன சொல்வது? வாயைத் திறந்தால் கெய்லிக்குக் கொடுத்த வாக்கு போகும். மூடினால், மே சடங்கு நடக்கிற ஞாயிற்றுக்கிழமை கிளைவ், நடத்துகிறவருக்கான மான் கொம்பைத் தலையில் வைத்துக்கொண்டு இன்னொரு பெண்ணின் தலையில் கிரீடம் சூட்டுவார். இரண்டு நாள் இதையே போட்டுப் புரட்டினாள். மூன்றாம் நாள் கிளைவுக்கே போன் செய்தாள். முதுகுக்குப் பின்னால் குத்துகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

"மே வட்டத்த நீங்க நடத்த வேணாம் கிளைவ். கூட்டத்துக்கும் இனிமே வர வேணாம்."

"ஏன்னு கேக்கலாமா?"

"உங்களுக்கே தெரியும்."

அவர் சொன்னார்: "இதெல்லாம் போன்ல பேசற விஷயம் இல்ல டெனிஸ். நேர்ல வர்றேன்."

வந்தார். அவள் எதிர்பார்த்த மாதிரி வீட்டுக்கு இல்லை. வெள்ளிக்கிழமை, சந்தை முடிந்து மலைக்குத் திரும்புகிற மதியப் பேருந்தில் ஏறினார். முதியோர் பாஸைக் காட்டிவிட்டு, அவளுக்குப் பின்னாலேயே முதல் இருக்கையில் உட்கார்ந்தார். வண்டி நிறையப் பைகளும் முட்டைக்கோசுமாகப் பெண்கள். டெனிஸால் இறங்கவும் முடியாது, திரும்பவும் முடியாது.

வண்டி முதல் வளைவில் திரும்பியது. அவர் மூச்சு விடுவது மட்டும் அவளுக்குக் கேட்டது.

"ரேயப் புதைச்சப்ப நான் என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?" மெதுவாகத்தான் கேட்டார். பக்கத்தில் இருப்பவருக்கு யாரோ நண்பர் அன்பாக விசாரிக்கிற மாதிரிதான் இருந்திருக்கும்.

டெனிஸ் கியரை மாற்றினாள்.

"ஞாபகம் இருக்கும். நீ அழுதுட்டே என் கோட்டப் பிடிச்சிட்டு நின்னியே. அப்ப நான் நல்லவன். இப்ப யாரோ வந்து ஏதோ சொன்னா, நான் கெட்டவன். அப்படித்தானே?"

இரண்டாவது வளைவு. வலப்பக்கம் சுவர், இடப்பக்கம் பள்ளம்.

"உன் கம்பெனிக்கு நீ யாருன்னு தெரியுமா டெனிஸ்? பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்கள ஏத்திட்டுப் போறவ. மலை மேல நெருப்பச் சுத்தி ஆடறவன்னு யாராவது எடுத்துச் சொன்னா, அவங்க எப்படி எடுத்துக்குவாங்களோ. நான் சொல்லுவேன்னு சொல்லல. யாராவது."

அப்போது பார்த்து எதிரே ஒரு கூரியர் வேன் வந்து நின்றது. டெனிஸ் பின்னோக்கி எடுக்க வேண்டும். கண்ணாடியைப் பார்த்தால் அதில் கிளைவின் முகம்தான் தெரிந்தது. நரைத்த தாடி, அமைதியான கண்கள். கைகள் ஸ்டியரிங்கில் வழுக்கின. பின்சக்கரம் புல்லில் ஏறி, வண்டி பள்ளத்தின் பக்கம் ஒரு முறை சாய்ந்து நிமிர்ந்தது. பின்னால் முட்டைக்கோசு ஒன்று உருண்டது.

"இந்தாப்பா," என்றது நடு இருக்கையிலிருந்து ஒரு குரல். "வண்டி ஓட்டறவகிட்ட பேச்சுக் குடுக்காத. நான் இன்னும் கொஞ்ச நாள் உசிரோட இருக்கணும்."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கிளைவும் திரும்பிப் பார்த்துப் புன்னகை செய்தார். அதன் பிறகு மேலே போய்ச் சேரும்வரை ஜன்னலைப் பார்த்தபடி வந்தார். இறங்கும்போது மட்டும் படியில் நின்று சொன்னார்: "பேப்பர்ல ஒரு வரி வரக் கூடாது. சொல்லிட்டேன்."

"வரும்," என்றாள் டெனிஸ். சொல்லிவிட்டுக் கதவை மூடினாள். 

அந்த வாரம் தாள் வந்தது. பௌர்ணமிக்கும் ஊற்று சுத்தம் செய்வதற்கும் நடுவில் நாலு வரி: 'மே வட்டத்தைக் கிளைவ் பாராக்ளஃப் நடத்த மாட்டார். இது என் முடிவு. காரணத்தை நான் சொல்வதற்கில்லை. என்னை நம்புகிறவர்கள் நம்பலாம். டெனிஸ்.'

போன் ஓயவில்லை. உனக்குப் பதவி ஆசை வந்துவிட்டது என்றார் ஒருவர். அந்த மனுஷன் உன் புருஷனைப் புதைத்தவர், நன்றி வேண்டாமா என்றாள் ஒருத்தி.  அது டெனிஸ் தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான். 'மூன்று கிடாய்' பப்பின் முதலாளி மாக்ஸின் மட்டும் வேறு கவலையில் இருந்தாள்.

"ரெண்டு கோஷ்டியும் மாடி ரூமக் கேட்டா நான் யாருக்குக் குடுக்கறது?"

"யாருக்குக் குடுப்ப?"

"யாரு அதிகம் குடிக்கிறாங்களோ அவங்களுக்கு. உன் ஆளுங்க எல்லாம் எலுமிச்ச ஜூஸ் பார்ட்டி, பாத்துக்க."

'யாராவது' சொல்வார்கள் என்று கிளைவ் சொன்னாரே, அந்த யாரோ சொல்லிவிட்டார். பேருந்துப் பணிமனை மேலாளர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். டெனிஸ் வேலை போயிற்று என்றே நினைத்துக்கொண்டு போய் நின்றாள். அவர் சாண்ட்விச்சை மென்றுகொண்டே அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ ஏதோ சூனியக்காரின்னு ஒரு போன் வந்துச்சு."

"பேகன்."

"என்னவோ. காலை முதல் வண்டி லேட்டாகாம இருக்க ஏதாவது மந்திரம் இருந்தா சொல்லு. இல்லன்னா போய் வேலயப் பாரு."

மே மாத ஞாயிற்றுக்கிழமை வந்தது. பாறைகளுக்குக் கீழே இருக்கிற புல்வெளியில், சுற்றி ஆடுவதற்கு நட்ட கம்பத்தில் ரிப்பன்கள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு தொங்கின. மதியம்தான், ஆனாலும் மேகம் தலைக்கு மேலேயே நின்றது. டெனிஸ் மழைக்கோட்டோடு கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றாள். வழக்கமாக வருகிறவர்கள் எல்லாரும் வந்தார்கள், ஆனால் அவளைச் சுற்றி ஓர் இடைவெளி விட்டே நின்றார்கள். மேளம் அடிக்கிற ஸ்டூவர்ட் மட்டும் நேரே வந்தான். தச்சன், பழைய நண்பன்.

"சொல்றதுன்னா முழுசாச் சொல்லு டெனிஸ். இல்லன்னா வாய மூடிட்டிரு. பாதில நிறுத்தி ஒரு மனுஷனத் தொங்க விடறது நியாயமா?"

"நியாயமில்லதான்."

"அப்புறம்?"

"வேற வழி இல்ல ஸ்டூ."

ஸ்டூவர்ட் தலையை ஆட்டிவிட்டு அப்பால் போனான். அப்போதுதான் கிளைவின் கார் கேட்டுக்குள் நுழைந்தது.

பச்சை அங்கி, கையில் கோல், தலையில் மான் கொம்பு. எந்த வருஷமும் வருகிற மாதிரியே வந்தார். பின்னால் அவர் மனைவி ஹிலரி, தேன் கேக் அடுக்கிய தட்டைத் துணி போட்டு மூடிக்கொண்டு வந்தாள். கூட்டத்தில் யாரும் அவளை அதிகம் கவனித்ததில்லை. கேக் தருவாள், ஓரமாக நிற்பாள், தட்டை எடுத்துக்கொண்டு போவாள். கிளைவ் எல்லாரையும் பேர் சொல்லி விசாரித்தார். டெனிஸைப் பார்த்தும் தலையசைத்தார். பிறகு கோலை ஊன்றி நடுவில் நின்றார். பழக்கதோஷம், எல்லாரும் கைகோத்து வட்டமாகிவிட்டார்கள். டெனிஸின் இரண்டு கைகளையும்கூட யாரோ பிடித்திருந்தார்கள்.

ஆல்டர்ஷா வட்டத்தில் சடங்கு தொடங்குமுன் ஒரு கேள்வி உண்டு. இந்த வட்டத்துக்கு யாருக்காவது தடை உண்டா என்று நடத்துகிறவர் கேட்பார். ஒருவரும் பதில் சொன்னது கிடையாது. பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொள்கிற நேரம் அது. கிளைவ் அதைத் தாண்டிப் போயிருக்கலாம். தாண்டவில்லை. டெனிஸை நேராகப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"இந்த வட்டத்துக்கு யாருக்காவது தடை உண்டா?"

"எனக்கு உண்டு," என்றாள் டெனிஸ். குரல் பிசிறியது. "நீங்க நடத்தறதுக்குத் தடை உண்டு."

அவள் இடக்கையைப் பிடித்திருந்த கை விலகிக்கொண்டது.

"காரணம்?"

"சொல்ல முடியாது."

யாரோ உதட்டைப் பிதுக்கி ஒரு சத்தம் செய்தார்கள். "இதென்ன கூத்து," என்றது ஒரு குரல். "மழை வேற வருது, சீக்கிரம் முடிங்கப்பா," என்றது இன்னொன்று. கிளைவ் கையை உயர்த்தி அவர்களை அடக்கினார்.

"தடை சொல்ல எல்லாருக்கும் உரிமை உண்டு. ஆனா காரணம் வேணும். டெனிஸ் காரணம் இல்லாத தடைய ஏலத்துக்கு விட்டிருக்கா. யாராவது எடுக்கறீங்களா?" ஏலக்கடைக் குரல் எடுத்தார். "ஒரு தரம்."

சிரிப்பு எழுந்தது. டெனிஸ் தரையைப் பார்த்தாள். வாக்கை மீறிவிட வேண்டியதுதான் என்று ஒரு கணம் தோன்றியது. கெய்லி பேர் சொல்லாமல், நடந்ததை மட்டும். வாயைத் திறந்தாள். சட்டைக் கைக்குள் ஒளிந்த அந்த விரல்கள் ஞாபகம் வந்தன. மூடிக்கொண்டாள்.

"ரெண்டு தரம்."

"டெனிஸ்," என்றாள் ஹிலரி.

வட்டத்துக்கு வெளியே, கேக் தட்டோடு நின்றிருந்தாள். சத்தமாகச் சொல்லவில்லை.

"அந்தப் பொண்ணு எப்படி இருக்கா?"

சிரிப்பு நின்றது. எல்லாரும் ஒரே நேரத்தில் மௌனமாகவில்லை. முதலில் அவளுக்குப் பக்கத்தில் நின்றவர்கள், பிறகு அந்தப் பக்கம் நின்றவர்கள்.

"எந்தப் பொண்ணு?" என்றான் ஸ்டூவர்ட். "பொண்ணுன்னு யாரு சொன்னா?"

 ஹிலரி அவனைப் பார்க்கவில்லை. டெனிஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஹிலரி, நீ போய்க் கார்ல உக்காரு," என்றார் கிளைவ்.

"அந்தப் பொண்ணு வீட்டுக்கு வந்தப்பவும் கார்லதான் உக்காந்திருந்தேன்," என்றாள் ஹிலரி. "அதுக்கு முந்தின தடவ கடைக்குப் போயிருந்தேன். நீங்கதான் அனுப்புனீங்க. பால் இல்லன்னு. வீட்டுல பால் இருந்துச்சு."

மழைத்தூறல் தட்டை மூடிய துணியில் விழுகிற சத்தம் கேட்டது. ஸ்டூவர்ட் தோளிலிருந்து மேளத்தைக் கழற்றிப் புல்லில் வைத்தான். வைத்துவிட்டு நடந்து வந்து டெனிஸுக்குப் பக்கத்தில் நின்றான். அதன்பின் ஒரு தம்பதி வந்தார்கள். கைகள் ஒவ்வொன்றாக விட்டுப்போய், வட்டம் என்று ஒன்று அங்கே இல்லாமல் போயிற்று.

"உங்க எல்லாருக்கும் பைத்தியம் பிடிச்சிருக்கு," என்றார் கிளைவ். முதல்முறையாகக் கோபத்தில் குரல் உயர்ந்தது.  அவர் காரை நோக்கி நடந்தார். கொம்போடு உள்ளே போக முடியவில்லை. குனிந்து பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார். கடைசியில் வெளியே நின்று தாடைக்குக் கீழே இருந்த வாரை அவிழ்க்க முயன்றார். ஈரத்தில் முடிச்சு இறுகியிருந்தது. வழக்கமாக அதை அவிழ்த்துவிடுகிறவள் ஹிலரி. அவள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் நெடுநேரம் அந்த வாரோடு மல்லுக்கட்டினார்.

ஆறேழு பேர் அவர் பின்னாலேயே போனார்கள். அவர்கள் இன்றைக்கும் வேறு ஊரில் அவரோடு கூடுகிறார்கள் என்று கேள்வி. மீதிப் பேர் ரிப்பனைத் தொடவில்லை, பாடவில்லை. ஹிலரியைத் தன் காரில் ஏற்றி ஹாலிஃபாக்ஸ் நகரத்தில் இருக்கிற அவள் அக்கா வீட்டில் விட்டாள் டெனிஸ். வழியில் இருவரும் பேசியது கொஞ்சம்தான்.

"எத்தன வருஷமா தெரியும் ஹிலரி?"

"தெரியும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டதில்ல," என்றாள் ஹிலரி. அந்தப் பதில் டெனிஸுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வண்டியை நிறுத்தவில்லை.

மறுநாள் காப்பகத்து வாசலில் போய்க் கெய்லியைப் பார்த்தாள். நன்றி வரும் என்று நினைத்திருந்தால் ஏமாந்திருப்பாள்.

"எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சா?"

"ஒரு பொண்ணுன்னு தெரியும். நீன்னு தெரியாது. நான் சொல்லல."

"நாலு பேரு உக்காந்து யோசிச்சா தெரிஞ்சுடும்ல. உங்கள யாரு இவ்வளவு பண்ணச் சொன்னா?" கெய்லி உள்ளே போய்விட்டாள்.  அவள் சொன்னதிலும் தப்பு இல்லை.

ஜூன் மாதக் கூட்டத்துக்குப் பாதிப் பேர்தான் வந்தார்கள். மாக்ஸின் அறையைக் கொடுத்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. இனி வட்டத்தை ஒருவரே நடத்துவதில்லை, புதிதாக வருகிறவர்களை யாரும் தனியாகக் கூப்பிடுவதில்லை என்று பேசி முடிவு செய்தார்கள். பேசியதில் பாதி சண்டை.

ஜூலையில் கெய்லியிடமிருந்து போன் வந்தது. அம்மாவிடம் சொல்லிவிட்டாளாம். அம்மாதான் போலீசுக்குக் கூட்டிப் போனாளாம். "வேற யாராவது சொல்ல முன்வருவாங்களான்னு போலீஸ்ல கேட்டாங்க," என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. வைத்துவிட்டாள். டெனிஸ் அதை அப்படியே ஹிலரியிடம் சொன்னாள், வற்புறுத்தவில்லை. முடிதிருத்தும் கடைக்காரிக்கும் சொன்னாள். அவள் இந்தத் தடவையும் கடையில் ஆள் காத்திருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

ஒரு வாரம் போயிற்று. பிறகு ஒரு காலை ஹிலரி கூப்பிட்டு, "இன்னிக்கு உனக்கு லீவு தானே," என்றாள்.

போலீஸ் நிலையத்துக்கு வெளியே டெனிஸ் காரில் காத்திருந்தாள். வழக்கு நிற்குமா, நிற்காதா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அன்று அவளுக்கு அதெல்லாம் தோன்றவில்லை. ஹிலரி பயந்து பாதியிலேயே எழுந்து வந்துவிடுவாளோ என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது, யார் யாரோ வந்தார்கள். மதியம் தாண்டிய பிறகுதான் ஹிலரி வந்தாள். கோட்டுப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தாள். காரில் ஏறி, பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு, கண்ணாடி வழியே எதிர்ச்சாரியைப் பார்த்தாள்.

"எல்லாம் சொல்லிட்டியா?" என்றாள் டெனிஸ்.

"சொல்லிட்டேன். பால் விஷயம் உட்பட." பெல்ட்டை மறுபடி கழற்றிக்கொண்டே, "பசிக்குது டெனிஸ். காலைலேருந்து ஒண்ணும் சாப்பிடல," என்றாள்.

எதிர்ச்சாரியில் மீன் வறுவல் கடை ஒன்று திறந்திருந்தது. இருவரும் இறங்கிப் போனார்கள்.